பிரபஞ்ச விரிவுக்கு இரண்டு விடையா?

கேள்வி: பிரபஞ்சம் விரியும் வேகத்துக்கு இரண்டு விடை சொல்கிறார்களே, ஆதி ஒளியை வைத்துத் தீர்க்க முடியாதா?

பதில்: தீரவில்லை, ஆனால் தவறான விளக்கங்களைக் கழித்துக்கட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. சூப்பர்நோவாக்களை (வெடித்துச் சிதறும் விண்மீன்களை) வைத்து அளந்தால் ஒரு மெகாபார்செக் தூரத்துக்கு (சுமார் 32.6 லட்சம் ஒளியாண்டு) நொடிக்குச் சுமார் 73 கி.மீ.; பிளாங்க் விண்கலம் பதிந்த நுண்ணலைப் பின்னணியிலிருந்து, அதாவது அந்த ஆதி ஒளியிலிருந்து, கணக்கிட்டால் 67.4. சரி, அந்த ஒளி கிளம்பும் முன்பே, அதாவது பிரபஞ்சத்துக்கு 3,80,000 வயது ஆகும் முன்பே, விரிவை வேகப்படுத்தும் ‘ஆரம்பகால இருண்ட ஆற்றல்’ என்று ஒன்று கொஞ்ச காலம் தலைகாட்டி மறைந்திருந்தால், அன்றைய சூடான வாயுவில் ஒலியலைகள் ஓடிய தூரம் குறைந்து, கணக்கு 73 பக்கம் நகரும். அழகான யோசனை. ஆனால் அது நிஜமென்றால் பின்னணியின் மிக நுண்ணிய ஏற்ற இறக்கங்களிலும் ஒளியின் முனைவாக்கத்திலும் (ஒளியலை அதிரும் திசையிலும்) தடம் இருக்க வேண்டுமே! சிலியின் அட்டகாமா தொலைநோக்கிக் குழு 2025இல் வெளியிட்ட அளவீடுகளில் அதற்கு ஆதாரம் தென்படவில்லை. எனக்கு இதுவே பெரிய முன்னேற்றம். அப்புறம், சூப்பர்நோவா தூரக் கணக்கையும் விடாமல் சோதிக்கிறார்கள்.