இலையில் புள்ளி, கட்டையில் இளைப்பு

கேள்வி: தேயிலைக்கு நிழலாக நிற்கும் சில்வர் ஓக் இலைகளில் புள்ளிகள் தெரிகின்றன. வெட்டிய ஒரு மரத்தில் வெளிவளையங்கள் நெருக்கமாக இருந்தன. தரைமட்ட ஓசோன்தான் காரணம் என்கிறார்கள். அப்படித்தானா?
- வாசகர், கோத்தகிரி

பதில்: வளையத்தை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். தரையை ஒட்டிய காற்றில் மாசாகக் கலந்திருக்கும் ஓசோனின் வேலையெல்லாம் இலையில்தான். இலைத்துளை வழியாக நுழைந்து ஒளிச்சேர்க்கையைக் கெடுக்கிறது. கிடைக்கிற சர்க்கரையிலும் ஒரு பங்கு இலையைப் பழுதுபார்க்கவே செலவாகிறது. முதலில் வேர் பட்டினி கிடக்கும், அடுத்து அடிமரம் இளைத்து வளையம் நெருங்கும். ஆனால் வறட்சியும், கிளைகளை ஒட்டக் கழிப்பதும் இதே இளைப்பைத்தான் தரும். இரண்டு பருவமழை வாங்கும் நம் மலையில், ஒரு வளையத்தை ஓராண்டு என்று எண்ணுவதும் ஆபத்து.

ஆகவே 10 மடங்கு லென்ஸை எடுத்துக்கொண்டு இலையிடம் போங்கள். ஓசோன் புள்ளி மேல்பக்கத்தில், நரம்புகளுக்கு நடுவே, பொடிப்பொடியாகச் செம்பழுப்பாக இருக்கும்; நரம்பு பச்சையாகவே நிற்கும். முதிர்ந்த இலையில் அதிகம், கொழுந்தில் இராது. ஓர் இலை இன்னொன்றின் மேல் படிந்திருந்தால், கீழ் இலையில் நிழல் விழுந்த இடம் மட்டும் சுத்தமாக இருக்கும். இதைவிட நல்ல அடையாளம் கிடைக்காது. நூலாம்படையும் ஊரும் புள்ளிகளும் தெரிந்தால் அது செஞ்சிலந்தி. பங்குனி, சித்திரையில் பழைய இலை முழுக்க மஞ்சளித்து உதிர்வது சில்வர் ஓக்கின் வழக்கம். அந்தப் பழியை ஓசோன்மேல் போட வேண்டாம்.

சந்தேகம் தீராவிட்டால் வெயில்படும் இடத்தில் இரண்டு தொட்டிகளில் பீன்ஸ் விதையுங்கள். ஓசோன் மிகுந்தால் அதன் முதிர்ந்த இலை மேல்பக்கம் வெண்கல நிறமாகும். மரத்தில் நாலரை அடி உயரத்தில் பெயின்ட் கோடு போட்டு, தை மாதந்தோறும் அதே கோட்டில் சுற்றளவு எடுங்கள். மழையளவையும் கிளை கழித்த தேதியையும் பக்கத்திலேயே குறித்து வையுங்கள். அவை இல்லாத சுற்றளவால் பயனில்லை. ஒரு மரத்தை மட்டும் அளப்பதும் போதாது. அமெரிக்காவின் விஸ்கான்சினில் 1998 முதல் திறந்தவெளியில் ஓசோன் செலுத்திப் பார்த்தபோது, ஒரே ஆஸ்பென் மர இனத்தில் சில வகைகள் நலிந்தன, சில தாக்குப்பிடித்தன.

கேள்வி: கொடைக்கானலில் இவ்வளவு பனியும் குளிரும் இருக்க, ஓசோன் எங்கிருந்து வரும்?
- வாசகி, கொடைக்கானல்

பதில்: ஓசோனை யாரும் புகைபோக்கியில் விடுவதில்லை. வண்டிப்புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகளும் கரிம ஆவிகளும் வெயிலில் சேர்ந்து உண்டாவது அது. கற்பூர மரமே (யூகலிப்டஸ்) அப்படிப்பட்ட கரிம ஆவியை விடுகிறது. சமவெளியில் உண்டானதும் பகல்காற்றில் மேலேறும். நகரத்தில் இரவில் வண்டிப்புகையின் நைட்ரிக் ஆக்சைடு ஓசோனை விழுங்கிவிடும்; மலையில் அது குறைவு, அதனால் ஓசோன் விடியும்வரை தங்குகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் புகை சான் பெர்னார்டினோ மலையின் பொண்டரோசா பைன்களை நலிவித்து, பட்டை வண்டுக்கு இரையாக்கியதும் இந்த வழியில்தான்.