சுவரையே பார்த்துக்கொண்டிருக்கும் பையனுக்கு வேலை கிடைக்குமா?

அம்மா, வணக்கம். பள்ளிப் படிப்பு முடியப்போகிற நேரத்தில் பையன் ராத்திரி முழுக்க கம்ப்யூட்டரில் ஒரே செங்கல் சுவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறான், கேட்டால் ‘பம்ப் மேப் சரியா வரல’ என்கிறான், இதெல்லாம் சோறு போடுமா என்று கேட்டிருந்தீர்கள். போடும். யாருக்குப் போடும், எப்போது போடும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதற்கு முன்னால் அவன் அந்தச் சுவரில் என்னத்தைத் தேடுகிறான் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும்.

கம்ப்யூட்டர் விளையாட்டில் திரையில் தெரியும் வீடு, பாதை, பாறை எல்லாமே பெரும்பாலும் சின்னச் சின்ன முக்கோணங்களைச் சேர்த்துக் கட்டியவை. செங்கல்லின் சொரசொரப்பு, காரை உதிர்ந்த இடம், மூலையில் பெயர்ந்த சில்லு என்று அத்தனையையும் முக்கோணங்களாலேயே செய்யப் போனால் ஒரு சுவருக்கே லட்சக்கணக்கில் தேவைப்படும். 1974-ல் எட்வின் கேட்மல் யூட்டா பல்கலைக்கழகத்தில் தந்த ஆய்வேட்டில், ஒரு படத்தை வளைந்த பரப்பின்மேல் போர்த்தும் வழியைக் காட்டினார். டெக்ஸ்சர் என்று பையன் சொல்வது அதைத்தான். நிறம் வந்துவிட்டது, ஆனால் பரப்பு சுவரொட்டி ஒட்டியதுபோல மழமழவென்று இருந்தது. 1978-ல் ஜிம் பிளின் அதற்கும் வழி சொன்னார். பரப்பை அசைக்கவே வேண்டாம், வெளிச்சம் விழும் கணக்கைப் புள்ளிக்குப் புள்ளி மாற்றினால் போதும், கண் அதை மேடு பள்ளம் என்றே நம்பிவிடும். இதற்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் போதும்: வெளுத்த இடம் மேடு, கறுத்த இடம் பள்ளம். அதுதான் பம்ப் மேப்.

இப்போது அதிகம் புழங்குவது நார்மல் மேப். உயரத்துக்குப் பதிலாக, பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்பதை சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று நிறங்களில் எழுதிவைப்பார்கள். அவன் திரையில் ஊதா கலந்த நீலத்தில் ஒரு விசித்திரமான படத்தைப் பார்த்திருப்பீர்களே, அது இதுதான். சமதளமான இடத்துக்கு நிற எண்கள் 128, 128, 255. அதனால்தான் அந்த நீலம்.

கணக்கை விட்டுவிடுவானோ என்ற கவலையும் உங்களுக்கு இருக்கிறது. அவனிடம் ஒன்று சொல்லுங்கள். பளபளப்பில்லாத ஒரு பரப்பு எவ்வளவு பிரகாசமாகத் தெரியும் என்பது, அந்தப் பரப்பு பார்க்கும் திசைக்கும் ஒளி வரும் திசைக்கும் இடையே உள்ள கோணத்தின் கொசைனைப் பொறுத்தது. அவன் பள்ளியில் படிக்கும் அதே கொசைன்தான். வெக்டர் பாடத்தில் வரும் புள்ளிப் பெருக்கல்தான் அந்தச் சுவரின் ஒவ்வொரு புள்ளியிலும் நடக்கிறது. கணக்கும் இயற்பியலும் தெரிந்த பையன் இந்தத் துறையில் இன்னும் உயரப் போவான். கலைஞர்களுக்கும் புரோகிராமர்களுக்கும் நடுவே நிற்கும் டெக்னிக்கல் ஆர்ட்டிஸ்ட் என்ற வேலைக்குக் கலையும் கணக்கும் இரண்டும் வேண்டும், அப்படிப்பட்டவர்கள் எளிதில் கிடைப்பதில்லை என்பது என் அனுபவம்.

சரி, அவனுக்கு இதில் நிஜமாகவே கை வருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாஃப்ட்வேர் எதுவும் தெரியாமலேயே நீங்கள் பார்க்கலாம். அந்தச் சுவருக்கு முன்னால் ஒரு விளக்கை வைத்து மெதுவாக நகர்த்திக் காட்டச் சொல்லுங்கள். விளக்கு பக்கவாட்டுக்குப் போகும்போது செங்கல்லுக்கு நடுவே உள்ள கோடுகளில் இருள் தேங்க வேண்டும். விளக்கு இடமிருந்து வலம் போனால் நிழலும் பக்கம் மாற வேண்டும். எங்கே வைத்தாலும் ஒரே இடத்தில் ஒரே நிழல் நின்றால், வெயிலில் எடுத்த போட்டோவை நிழலோடு அப்படியே ஒட்டியிருக்கிறான் என்று அர்த்தம். தொடக்கக்காரர்கள் எல்லாரும் செய்யும் தவறு அது. அதைத் தானே கண்டுபிடித்து, நிழலை நீக்கிவிட்டு நிறத்தை மட்டும் எடுக்கத் தெரிந்துகொண்டான் என்றால் அவன் கற்றுக்கொள்கிறான்.

என்னிடம் வந்த ஒரு மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பூவேலை செய்த ஒரு மரக்கதவு செய்திருந்தாள். முப்பரிமாண உருவம் செய்யும் பிளெண்டர் மென்பொருளில் அழகாக இருந்த கதவு, விளையாட்டை இயக்கும் அன்ரியல் எஞ்சின் என்ற மென்பொருளுக்குள் போனதும் பூவெல்லாம் குழியாகிவிட்டது. இரண்டு நாள் அழுதுகொண்டே முழுக்கத் திரும்பச் செய்தாள், அப்போதும் குழிதான். மூன்றாம் நாள் தன் வேலையைச் சந்தேகப்படுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடினாள். நார்மல் மேப்பில் உள்ள பச்சை நிறத்தைப் பிளெண்டர் மேல்நோக்கிய திசையாகப் படிக்கிறது, அன்ரியல் கீழ்நோக்கியதாகப் படிக்கிறது. பச்சையை மட்டும் தலைகீழாக்கினாள், பூ எழுந்து நின்றது. கதவைவிட அந்த மூன்றாம் நாளை நான் பெரிதாக மதிக்கிறேன். வேலைக்கு எடுப்பவர்களும் அதைத்தான் துருவித் துருவிக் கேட்பார்கள்.

இன்னொரு விஷயம் சிக்கனம். கலை ஆர்வம் உள்ள பிள்ளைகள் இதைக் கேட்க விரும்புவதில்லை. நீளம் அகலம் 4096 புள்ளி உள்ள ஒரு படம் சுருக்காமல் வைத்தால் 64 எம்பி நினைவகம் பிடிக்கும். 1024 என்றால் 4 எம்பிதான். சுருக்கினால் குறையும், ஆனாலும் விகிதம் அதேதான். காலடியில் கிடக்கும் கூழாங்கல்லுக்கு 4096 வைத்துக்கொண்டு போகிறவனை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். விஆர் கண்ணாடி போட்டுப் பார்க்கும் உலகங்களில் இன்னொரு சங்கடம் உண்டு. இரண்டு கண்ணும் தனித்தனியாகப் பார்ப்பதால், அருகில் போனதும் நார்மல் மேப்பின் மேடு வெறும் வேஷம் என்று தெரிந்துவிடும். கைக்கெட்டும் தூரத்தில் உள்ள கைப்பிடியை நிஜமாகவே வடித்துவிட்டு, தூரத்துச் சுவருக்கு மேப் போதும் என்று பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

வேலைகள் என்று பார்த்தால் விளையாட்டு நிறுவனங்களில் டெக்ஸ்சர், மெட்டீரியல், என்விரான்மென்ட் ஆர்ட்டிஸ்ட், சினிமாவில் பொருள்களின் பரப்பைத் தயாரிக்கும் சர்ஃபேஸிங், அப்புறம் கட்டடக்கலைக் காட்சிப்படம், பயிற்சி சிமுலேட்டர்கள், பொருள் விளம்பரம். 2003-ல் தொடங்கிய செகண்ட் லைஃப் போன்ற இணைய மெய்நிகர் உலகங்களில் பயனர்களே பொருள் செய்து விற்கவும் முடியும். உண்மையையும் சொல்லிவிடுகிறேன். 2023, 2024 ஆண்டுகளில் விளையாட்டுத் துறையில் பெரிய அளவில் ஆட்குறைப்பு நடந்தது. முதல் வேலை கிடைக்க நாளாகும். ஏஐ இப்போது சாதாரணச் செங்கல் படத்தை நொடியில் தந்துவிடுகிறது. ஆகையால் படம் தயாரிக்க மட்டும் தெரிந்திருந்தால் போதாது. இந்தச் சுவர் எத்தனை வருடம் மழையில் நனைந்தது, தண்ணீர் எந்தப் பக்கம் வழிந்தது, கை படும் இடம் எங்கே தேய்ந்து பளபளக்கும் என்று யோசிக்கிற கண் வேண்டும். பரப்பு எங்கே சொரசொரப்பு, எங்கே வழுவழுப்பு என்று குறிக்கும் ரஃப்னஸ் மேப்பில் அந்தத் தேய்மானத்தைத்தான் எழுதுகிறோம்.

பெரிய தொகை கட்டி எந்தப் பயிற்சி நிறுவனத்திலும் இப்போது சேர்க்காதீர்கள். கையெழுத்துப் போட அவசரப்படுத்துகிற இடத்தில் கண்டிப்பாக வேண்டாம். பிளெண்டர் இலவசம். படம் வரையக் கிரிட்டா இலவசம். பாலி ஹேவன், ஆம்பியன்ட்சிஜி என்ற இரண்டு இணையதளங்களிலும் எந்த உரிமைச் சிக்கலும் இல்லாத டெக்ஸ்சர்கள் கிடைக்கின்றன, பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ள அவை நல்ல பாடம். பட்டப்படிப்புக்கு ஓவியம், கட்டடக்கலை, கணினி அறிவியல் எதுவானாலும் இந்தத் துறைக்குள் வர வழி இருக்கிறது. இடையில் மனம் மாறினாலும் கைவிடாத படிப்பாகப் பாருங்கள். தூங்கும் நேரத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். களைத்த கண்ணுக்கு நிறம் சரியாகத் தெரியாது என்று சொன்னால் அவனே ஒத்துக்கொள்வான்.

மூன்று மாதம் கொடுங்கள். இருபது படம் வேண்டாம், ஒரு சுவரின் ஒரு மூலை போதும். போட்டோ எடுப்பதிலிருந்து எஞ்சினுக்குள் விளக்கு வைப்பதுவரை அவனே செய்யட்டும். எங்கே தவறு வந்தது, எப்படித் திருத்தினான் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதிவைக்கட்டும். அப்புறம் இருவரும் என்னைப் பார்க்க வாருங்கள். அந்த நோட்டையும் கொண்டுவரச் சொல்லுங்கள், நான் முதலில் அதைத்தான் வாங்கிப் பார்ப்பேன்.