பேஸ்ட் எதற்கு, பிரஷ் எதற்கு? பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: பேஸ்ட் இல்லாமல் வெறும் பிரஷால் தேய்த்தால் பல்லில் படியும் பிளாக் போகுமா?

போகும். பிளாக் என்பது பாக்டீரியாக்கள் பசையாக ஒட்டிக்கொண்டு வாழும் படலம். காலையில் பல் துலக்கும் முன் ஈறோரம் நகத்தால் மெல்லச் சுரண்டினால் வெளிர்மஞ்சளாக மாவுபோல் வரும், அதுதான். கொப்பளித்தால் போகாது, பிரஷின் நார் பட்டு உரசினால்தான் பெயரும். பேஸ்ட்டோடும் பேஸ்ட் இல்லாமலும் தேய்க்கச் சொல்லி ஒப்பிட்ட ஆய்வுகளை 2016இல் தொகுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் பிளாக் ஏறத்தாழப் பாதி குறைந்தது. பேஸ்ட்டால் கூடுதல் பலன் தெரியவில்லை.

அதற்காகப் பேஸ்ட்டைத் தூக்கிப் போடாதீர்கள். அதிலுள்ள ஃப்ளூரைடு, அமிலம் அரித்த எனாமலில் (பல்லின் மேலோட்டில்) தாது மறுபடி படிய உதவிச் சொத்தையைத் தடுக்கிறது. பிரஷை ஈறு பக்கம் 45 டிகிரி சாய்த்து, சின்னச் சின்ன அசைவாக 2 நிமிடம் தேயுங்கள். அழுத்தாதீர்கள்.

கேள்வி: நுரை வந்தால்தான் சுத்தமான மாதிரி இருக்கிறது.

நுரை பெரும்பாலும் சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரைக்கும் பொருள் தருவது. சுத்தத்துக்கு அது அளவல்ல. பட்டாணி அளவு பேஸ்ட் போதும், 3 வயதுக்குக் கீழ் அரிசி அளவு. துலக்கியதும் நுரையைத் துப்புங்கள். தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளூரைடும் போய்விடும்.

கேள்வி: கரித்தூள் போட்டு நன்றாக அழுத்தித் தேய்த்தால்?

வேண்டாம். பல் தேயும், ஈறு இறங்கும், கூச்சம் வரும்.

கேள்வி: டியூப் அடியில் பச்சைப் பட்டை இருந்தால் மூலிகை, கறுப்பு என்றால் ரசாயனம் என்கிறார்களே?

இன்றைக்கு இந்தக் கேள்வி வருவது மூன்றாவது முறை. டியூபை எங்கே வெட்டி ஒட்டுவதென்று இயந்திரம் அறியும் குறி. மூலிகை, ரசாயனம் எதையும் அது சொல்லவில்லை.

கேள்வி: 'ஆலும் வேலும் பல்லுக்குறுதி' என்றார்கள். வேலங்குச்சியில் ஃப்ளூரைடா இருந்தது?

இல்லை. ஆனால் உங்கள் கேள்வி என் பதிலுக்குத்தான் பலம் சேர்க்கிறது: மென்ற நுனி நார்நாராகப் பிரிந்து பிரஷாகிவிடுகிறது, பேஸ்ட் இல்லாமலே பிளாக்கை எடுக்கிறது. கடைவாய்ப்பல்லின் உட்புறம் அதற்கு எட்டுவது சிரமம். அப்புறம், இன்று நாள் முழுக்க பிஸ்கட்டும் இனிப்புத் தேநீரும் உள்ளே போகின்றன. அதனால் வரும் சொத்தையைத் தடுக்க ஃப்ளூரைடு வேண்டும்.

கேள்வி: அந்த ஃப்ளூரைடால்தானே தருமபுரியில் பிள்ளைகளின் பல்லில் காவி ஏறியது? அதையே வாயில் போடச் சொல்கிறீர்களே!

பயம் நியாயம், காரணம் வேறு. அங்கே நிலத்தடி நீரிலேயே ஃப்ளூரைடு அதிகம். ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் அதைத் தினமும் குடித்ததால் வந்த பாதிப்பு. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவந்ததே அதற்காகத்தான். பேஸ்ட்டைத் துப்பிவிடுகிறோம். விழுங்கிவிடும் குழந்தைக்குத்தான் அரிசி அளவு என்றேன். ஆழ்துளைக் கிணற்று நீர் குடிக்கும் வீடுகள் நீரைப் பரிசோதித்துவிடுங்கள்.

கேள்வி: கல்லாக இறுகிய காரை எந்தப் பேஸ்ட்டில் போகும்?

எதிலும் போகாது. பல் மருத்துவரிடம் ஸ்கேலிங் (கருவியால் காரையை எடுப்பது) செய்துகொள்ளுங்கள். ஊசியால் நோண்டாதீர்கள், அழுத்தியும் தேய்க்காதீர்கள்.