வாசகர் கேள்வி – பதில்: இரங்கலுரையை எங்கிருந்து பிரிப்பது?

காந்தி மறைந்த இரவு நேரு வானொலியில் பேசிய உரையை ஆய்வு செய்யச் சொன்னார்கள். உவமை, உருவகம் எல்லாம் எடுத்து எழுதினேன். ‘இது ஆய்வு இல்லை, பட்டியல்’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். எங்கே தவறு?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

அணிகளை எண்ணினால் பேச்சில் என்ன இருக்கிறது என்று தெரியும். அது என்ன செய்கிறது என்று தெரியாது. வினைச்சொற்களில் தொடங்குங்கள். வரிக்கு வரி இடம் விட்டு அச்செடுத்து, இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் மூன்றுக்கும் மூன்று நிறத்தில் கோடு போடுங்கள். நிறம் மாறும் இடம்தான் பேச்சு திரும்பும் இடம்.

1948 ஜனவரி 30 இரவு, எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசியது அது. ஒளி போய்விட்டது என்று தொடங்குகிறார். பாபு இனி இல்லை என்கிறார். அப்படிச் சொல்வது தவறோ என்று உடனே தயங்குகிறார். ஆனால் அந்தத் தயக்கம் கைகொடுக்கவில்லை. இனி அவரைப் பார்க்க மாட்டோம், யோசனை கேட்டு ஓட மாட்டோம் என்று பேச்சு மறுபடி துக்கத்துக்கே இறங்கிவிடுகிறது. கொஞ்சம் தள்ளி அதே உத்தி: ஒளி போய்விட்டது என்றேன், அது தவறு. இந்த முறை பேச்சு ஏறுகிறது. ஆயிரம் ஆண்டு கழித்தும் அந்த ஒளி தெரியும் என்று எதிர்காலத்துக்குப் போகிறது. எல்லாரும் மேற்கோள் காட்டுவது இந்த இரண்டாவது திருத்தத்தை. முதல் முறை சறுக்கியதால்தான் இரண்டாவது நம்பும்படி இருக்கிறது என்பதை எழுதியிருந்தால் உங்கள் கட்டுரை திரும்பி வந்திருக்காது.

பின்பாதியை விட்டுவிடாதீர்கள். கொன்றவன் பெயரே வராது. பைத்தியக்காரன் என்பதோடு சரி. நாட்டில் பரவிய விஷத்தைப் பற்றிச் சொல்லி, கோபத்தில் யாரும் தவறாக நடக்கக்கூடாது என்கிறார். அப்புறம் மறுநாள் ஏற்பாடுகள்: மாலை 4 மணிக்கு யமுனைக் கரையில் தகனம், நாடெங்கும் உண்ணாநோன்பு, பிரார்த்தனை. ‘நயம் இல்லை’ என்று பலர் வெட்டிவிடும் பகுதி இதுதான். கலவரம் மூளக்கூடிய இரவில், ஆத்திரத்தோடு நிற்பவர்களுக்கு அமைதியாகச் செய்ய ஒரு வேலை கொடுக்கிறார். இதைவிடத் தேர்ந்த உத்தி அந்த உரையில் வேறு இல்லை.

அதே உரையைத் தமிழாக்கும்போது ‘விளக்கு அணைந்தது’ என்று போட்டால் என்ன?
– பள்ளி ஆசிரியர், அம்பாசமுத்திரம்

போடாதீர்கள். நம் பக்கத்தில் விளக்கை ‘அமத்து’ என்போம்; சாமி விளக்கென்றால் ‘குளிர வை’. ‘அணைந்தது’ என்றதுமே காதில் சாவு வீடு வந்துவிடும். மூலத்தில் இருப்பது ஒளி. அணைந்த விளக்கு ஆயிரம் ஆண்டு தெரியும் என்று பிறகு எப்படித் திருத்துவீர்கள்?

இன்னொரு கண்ணி: ஆங்கிலத்துக்கு ஒரே சொல் போதும், தமிழில் ‘நாம்’, ‘நாங்கள்’ என்று பிரித்தாக வேண்டும். பாபு என்று அழைத்ததும், யோசனை கேட்டு ஓடியதும் முதலில் கூட இருந்தவர்கள். அங்கே ‘நாங்கள்’ பொருந்தும். எனக்கு மட்டுமல்ல, கோடிக்கணக்கானவர்களுக்கும் இது பேரடி என்று விரிந்த பிறகு ‘நாம்’. முதலிலிருந்தே ‘நாம்’ போட்டால் அந்த விரிவு காணாமல் போகும்.

எங்கள் ஊர் நூலகத்தில் ஒரு தலைவருக்கு இரங்கல் கூட்டம். 3 நிமிடம் பேசவேண்டும்.
– வாசகர், சங்கரன்கோவில்

250 சொல் போதும். துக்கத்தில் வேகம் குறையும், தொண்டையும் அடைக்கும். சூரியன், இமயம், கடல் மூன்றையும் ஒரே ஆளுக்குச் சூட்டாதீர்கள். ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ உங்களுக்கு முன்னால் பேசும் நாலு பேரும் சொல்லியிருப்பார்கள்.

அதியமானுக்காக ஔவை பாடிய புறநானூறு 235ஐப் பாருங்கள். வீரன், வள்ளல் என்று தொடங்கவில்லை. கள் கொஞ்சம் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடத் தானும் மகிழ்ந்து உண்பான் என்று தொடங்குகிறாள். ஒவ்வொன்றின் கடைசியிலும் ‘மன்னே’. தொல்காப்பியம் ‘மன்’னுக்குச் சொல்லும் மூன்று பொருளில் முதலாவது கழிவு: இருந்தது, போயிற்று. அழுகை மொத்தமும் அந்த இடைச்சொல்லில் நிற்கிறது.

அதேபோல, அவரால் உங்கள் ஊருக்கு வந்த ஒரு பள்ளிக்கூடமோ பாலமோ இருந்தால் அதில் தொடங்குங்கள். எதுவும் இல்லையென்றால் அவர் கொண்டுவந்த ஒரு சட்டம், அதன் ஆண்டோடு. ஆண்டைக் கூட்டத்துக்கு முன் சரிபார்த்துவிடுங்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் கட்டாயம் திருத்துவார்.