வடிவம் கேளுங்கள்: பாதாளத்து பாட்டில்

கேள்வி: இறுதியாண்டு வடிவமைப்புப் பாடத்துக்காக ஒரு பெர்ஃப்யூம் பாட்டிலும் பெட்டியும் செய்கிறேன். கிரேக்கப் புராணத்தில் பாதாள அரசன் ஹேடிஸ், பெர்செஃபனியைக் கவர்ந்துசென்ற கதைதான் கரு. கறுப்பு பாட்டில், மண்டையோட்டு மூடி, சுற்றிலும் பாம்பு என்று வரைந்தேன். பார்த்தவர்கள், 'விஷ பாட்டிலா?' என்கிறார்கள். எங்கே குறை?

பதில்: பெர்செஃபனியைத் தவிர எல்லாரும் வந்துவிட்டார்கள், அதுதான் குறை. மண்டையோடு எந்த நரகத்துக்கும் பொருந்தும். இந்தக் கதைக்கே உரியவை இரண்டு: அவள் பறிக்கக் கை நீட்டிய நார்சிஸஸ் பூ, பாதாளத்தில் தின்ற மாதுளை முத்து. பூவைப் பறிக்கப் போனபோது தரை பிளந்தது. முத்தைத் தின்றதால் ஆண்டில் ஒரு பகுதியை அங்கேயே கழிக்க வேண்டியதாயிற்று. நார்சிஸஸ் சாறு பெர்ஃப்யூமில் உண்மையாகவே சேர்க்கப்படுகிறது. அது உங்கள் அதிர்ஷ்டம்.

விஷம் என்று சொன்னதற்காக வருந்தாதீர்கள். 1985இல் டியோர் நிறுவனம் 'பாய்சன்' என்றே பெயர் வைத்து ஒரு பெர்ஃப்யூம் விற்றது. ஊதா நிறத்தில் ஆப்பிள்போல் உருண்ட பாட்டில், பாம்பு தேவைப்படவில்லை.

கறுப்பு இருக்கட்டும். வெளிச்சம் பட்டால் வாசனை கெடும் என்பதால் அது பயனுள்ள நிறமும்கூட. ஆனால் முழுக்கக் கறுப்பாக்கினால் எவ்வளவு மிச்சம் என்று தெரியாது. தோளிலிருந்து அடிவரை கோணல்மாணலாக ஒரு கீற்றை மட்டும் கறுப்பு பூசாமல் விடுங்கள். அதுதான் பிளந்த தரை. அந்தக் கீற்றில் ஒளி ஊடுருவும் மாதுளைச் சிவப்பு பூசலாம். சிவப்பைத் திரவத்தில் கலக்காதீர்கள். நாளடைவில் வெளிறும், வெள்ளைச் சட்டையில் கறையாகும். கீற்றைச் சற்று ஓரமாக வையுங்கள். நடுவில் வைத்தால் பம்பின் குழாய் பளிச்சென்று தெரிந்து, பாதாளம் குளிர்பானமாகிவிடும்.

மூடிக்கு மாதுளையின் தலையில் இருக்கும் அந்தக் கொம்புகளே போதும். பாதாள அரசிக்கு வேறு மகுடம் எதற்கு? முனைகளை மழுக்குங்கள், விரலில் குத்தக் கூடாது. பெர்ஃப்யூமில் பெரும்பகுதி ஆல்கஹால். கழுத்தில் வழியும் ஒரு துளியே வண்ணத்தைக் கரைத்துவிடலாம். அதே பெர்ஃப்யூமைப் பஞ்சில் நனைத்துத் தேய்த்துப் பார்த்த பிறகே வண்ணத்தை முடிவுசெய்யுங்கள்.

பெட்டிக்கு, வெள்ளை அட்டையில் கறுப்பு அச்சடித்தால் மடிப்புகளில் வெள்ளை வெடித்துத் தெரியும். உள்வரை கறுப்பாகவே தயாரித்த அட்டை கேளுங்கள்.

கேள்வி: பெட்டியின் பின்புறம் முழுக்கதையையும் அச்சிடலாமா?

பதில்: சேர்மானப் பட்டியல், மில்லிலிட்டர் அளவு, தீப்பற்றும் எச்சரிக்கை, பார்கோடு எல்லாம் அங்கேதான் உட்காரும். மூடித் திறக்கும் மடிப்பின் உட்புறத்தில் ஒரே வரி எழுதுங்கள், நார்சிஸஸின் மஞ்சளில்.