50 வெள்ளி மளிகைப் பெட்டி எடுக்கலாமா?

வணக்கம் அக்கா. நான்கு பிள்ளைகள், மளிகைச் செலவு கையை மீறுகிறது, தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வாரம் ஒருமுறை கொடுக்கும் 50 வெள்ளி (ரிங்கிட்) காய்கறி, மளிகைப் பெட்டியை எடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எடுங்கள். ஆனால் பணம் கட்டும் முன்னே உள்ளே என்னென்ன, எத்தனை கிலோ என்று கேட்டு வாங்கி, நீங்கள் வழக்கமாகப் போகும் கடை விலையை அதன் பக்கத்திலேயே எழுதிக் கூட்டிப் பாருங்கள், ஏனென்றால் பெரிய முட்டைக்கோஸ் ஒன்றைப் போட்டாலே பெட்டி நிறைந்த மாதிரி தெரியும், நம் பணம் போவதோ அரிசி, எண்ணெய், முட்டையில்தான். பிள்ளைகள் தொடாத சாமானைப் பக்கத்து வீட்டில் மாற்றிக்கொள்ளுங்கள். எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பீட்ரூட் போகும், தக்காளி வரும், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

அப்புறம் ரஹ்மா விற்பனையை விட்டுவிடாதீர்கள். மலேசிய உள்நாட்டு வாணிப அமைச்சின் மலிவு விற்பனைத் திட்டம் அது, வழக்கமான விலையைவிட 10 முதல் 30 விழுக்காடு வரை குறைவு. எண்ணெய், மாவு மாதிரி கெடாத சாமான்களை அங்கே வாங்கி வையுங்கள். மைகாட்டில் (அடையாள அட்டையில்) சாரா உதவி, அதாவது அடிப்படைப் பொருள் வாங்க அரசு தரும் தொகை, வந்திருந்தால், அது பதிவு பெற்ற கடைகளில்தான் செல்லும், அதை அரிசிக்கும் பள்ளிச் சாமானுக்கும் ஒதுக்குங்கள், கையிலுள்ள ரொக்கம் பெட்டிக்கு மிஞ்சும். இந்த வாரப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று இங்கே போடுங்கள் அக்கா, சேர்ந்தே கணக்குப் பார்த்துவிடலாம்.