இங்கே கறுப்பு வயர் நியூற்றல் இல்லை

தம்பி, ரொறன்ரோ வீட்டுக் குசினியில் உடைந்த பிளக் பொயின்ரைக் கழற்ற, உள்ளே கறுப்பு, சிவப்பு, வெள்ளை, வெறும் செம்பு என்று நாலு வயர் நிக்குது, இதில் நியூற்றல் எது, ஏன் இத்தனை என்று கேட்டிருக்கிறீங்கள்.

யாழ்ப்பாணத்துப் பழைய வயரிங்கில் சிவப்பு லைவ் (கரண்ட் வரும் வயர்), கறுப்பு நியூற்றல் (கரண்ட் திரும்பும் வயர்). அந்தப் பழக்கத்தில் இங்கே கறுப்பில் கை வைச்சிடாதீங்கோ. கனடாவில் கறுப்பும் சிவப்பும் லைவ். வெள்ளைதான் நியூற்றல், வெறும் செம்பு எர்த். பழைய சுவிச் பெட்டிகளில் வெள்ளையே லைவாக வருவதும் உண்டு. நிறத்தை நம்பாமல் மீற்றரால் பாருங்கோ.

ஊரில் 230 வோல்ற் லைவ் ஒன்றும் நியூற்றல் ஒன்றும் வரும். இங்கே ரான்ஸ்போமர் சுருளின் இரண்டு அந்தங்களும் லைவ், நடுப்புள்ளி நியூற்றல். லைவுக்கும் வெள்ளைக்கும் 120, இரண்டு லைவுக்கும் இடையில் 240. உங்கடை பொயின்ரில் மேல் பாதி கறுப்பில், கீழ்ப் பாதி சிவப்பில் ஓடுது, வெள்ளை இரண்டுக்கும் பொது. மேலே 1500 வாற் கேத்தில் 12.5 அம்பியர், கீழே 500 வாற் சோத்துக் குக்கர் 4.2 அம்பியர் எடுத்தால், இரண்டு லைவும் எதிரெதிராக ஓடுவதால் வெள்ளையில் திரும்புவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், 8.3 அம்பியர் மட்டுமே.

அந்த வெள்ளை கழன்றால்தான் வில்லங்கம். கேத்திலும் குக்கரும் 240 வோல்ற்றில் ஒன்றன்பின் ஒன்றாய்த் தொடராகிவிடும்: கேத்திலுக்கு 60 வோல்ற், குக்கருக்கு 180. குக்கர் கருகும். ஓடுவது 6.25 அம்பியர்தான் என்பதால், கூடின கரண்டை வெட்டும் பிறேக்கரும் விழாது. அதனால் பெட்டிக்குள் வரும் வெள்ளை, அடுத்த பொயின்ருக்குப் போகும் வெள்ளை, ஒரு சிறு துண்டு வெள்ளை மூன்றையும் வயர் முனைகளை இணைக்கும் தொப்பியால் முறுக்கிச் சேர்த்து, அந்தத் துண்டை மட்டும் வெள்ளி நிற ஆணியில் பூட்டுங்கோ. பித்தளை ஆணிகளுக்கு இடையிலுள்ள தகட்டை உடைக்க மறந்தால் கறுப்பும் சிவப்பும் முட்டி உடனே பிறேக்கர் விழும். வெள்ளிப் பக்கத் தகடு அப்படியே இருக்கவேணும்.

பிறேக்கர் இரண்டு லைவுக்கும் சேர்ந்த இரட்டையாகவே இருக்கட்டும். கறுப்பையும் சிவப்பையும் ஒரே லைவில் மாட்டினால் வெள்ளையில் வித்தியாசம் போய்க் கூட்டுத்தொகை, 16.7 அம்பியர், ஓடும். 15 அம்பியர் வயர் சூடாகும்.

வாடகை வீடென்றால் தொடாதீங்கோ. உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுவது வீட்டுக்காரரின் பொறுப்பு. வீடு முழுக்கச் சில லைற் மங்கி, சில பளிச்சென்று எரிந்தால் மெயின் நியூற்றல் விட்டிருக்கலாம். மெயினை நிப்பாட்டிவிட்டு மின்விநியோக நிறுவனத்துக்கு உடனே அடியுங்கோ.